‘சர்வர் டவுன்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்: கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தரவு போகும் வழி



நீளமான பதிவு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு நேரம் இருக்கிறது, உங்களுக்கு இருக்காது. அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துக்கு முதலில் வேண்டியது வேகமான இணையம் அல்ல. ஒரு பக்கம் அறுந்தால் இன்னொரு பக்கமாகச் சுற்றியாவது வந்து சேருகிற இணையம். இரண்டும் ஒரே செலவில் கிடைக்காது. எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று முடிவு செய்பவர்கள் நம்மிடம் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை, ஏனென்றால் இது ஏதோ இன்ஜினியர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், இதைப் புரிந்துகொள்ளலாம். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ரேஷன் கடையில் கைரேகை வைத்துவிட்டு நிற்கிறோம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு உட்கார்ந்திருக்கிறோம். வங்கியில் பென்ஷன் பாஸ்புக்கை நீட்டுகிறோம். எல்லா இடத்திலும் ஒரே பதில்: “சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க.” பல நேரம் அந்த சர்வர் சென்னையிலோ ஐதராபாத்திலோ ஆரோக்கியமாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம்மிடமிருந்து அதற்குப் போகும் வழிதான் எங்கேயோ அடைபட்டிருக்கும். வீட்டில் ஆள் இருக்கிறார், தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்கிற கதை. ‘ஆளே இல்லை’ என்று சொல்லி அனுப்பினால் பள்ளத்தை யார் மூடுவது?

சரி, வழி என்றால் என்ன?

நீங்கள் அனுப்பும் படமோ பணமோ சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சேரவேண்டிய முகவரி இருக்கும். நடுவில் ரவுட்டர் என்ற பெட்டிகள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் முகவரியைப் பார்த்து ‘நீ இந்தப் பக்கம் போ’ என்று அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடும். முழுப் பயணத்தையும் யாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து நடத்துவதில்லை. எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை அந்தப் பெட்டி எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதில்தான் பல முறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வரவு உண்டு, ஒரு செலவும் உண்டு.

முதல் முறை, எழுதி ஒட்டிவிடுவது. ‘சிதம்பரம் போகணுமா, இந்த வழி.’ அவ்வளவுதான். பெட்டி எதையும் யோசிக்காது. செலவு குறைவு, குழப்பமும் குறைவு. ஆனால் பாலம் உடைந்தாலும் பலகை அதே வழியைத்தான் காட்டும். ஒரே கம்பி மட்டும் போகிற ஊருக்கு இது போதும். வேறு வழியே இல்லாதபோது யோசிக்கத் தெரிந்த பெட்டியை வைத்து என்ன பயன்?

இரண்டாவது முறை, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. கடலூர், புதுச்சத்திரம், பி.முட்லூர், சிதம்பரம் என்று நான்கு ரவுட்டர்கள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘சிதம்பரம் எனக்கு ஒரு தாவல் தூரம்’ என்று பி.முட்லூர் சொல்லும். அதைக் கேட்டு, ‘அப்படியானால் எனக்கு இரண்டு’ என்று புதுச்சத்திரம் குறித்துக்கொள்ளும். கடலூர் மூன்று என்று எழுதிக்கொள்ளும். யாரிடமும் முழு வரைபடம் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் சொன்னதே வேதம். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்பாநெட் முதல் பத்து ஆண்டுகள் இந்த வகையில்தான் ஓடியது. பின்னாளில் ரிப் என்ற பெயரில் 1988இல் இதற்கு எழுத்து வடிவம் கொடுத்தார்கள். 30 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியும் தன் பட்டியலைப் பக்கத்துப் பெட்டிக்கு ஒப்பிக்கும்.

இதில் ஒரு வம்பு உண்டு. வெள்ளாற்றுப் பாலத்தில் கம்பி அறுந்துவிட்டது என்று வையுங்கள். பி.முட்லூருக்கு அது தெரிந்துவிடும். ஆனால் அதே நேரம் புதுச்சத்திரம், ‘சிதம்பரம் எனக்கு இரண்டு தாவல்தான்’ என்று பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். பி.முட்லூர் அதை நம்பி, ‘ஓ, இவருக்கு வேறு வழி தெரியும்போல, அப்படியானால் எனக்கு மூன்று’ என்று எழுதிக்கொள்ளும். அதைக் கேட்டுப் புதுச்சத்திரம் நான்கு என்று திருத்தும். பிறகு இவர் ஐந்து, அவர் ஆறு. இருவரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு இல்லாத வழிக்குத் தூரம் ஏற்றிக்கொண்டே போவார்கள். பொட்டலங்கள் இருவருக்கும் நடுவே பந்தாடப்படும். இது முடிவில்லாமல் போகக்கூடாது என்பதற்காக, ரிப்பில் 16 என்று வந்தால் ‘வழி இல்லை’ என்று அர்த்தம் என வரம்பு வைத்தார்கள். யாரிடம் கேட்டோமோ அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லக்கூடாது என்றும் விதி போட்டார்கள். இருந்தாலும் எளிமைக்குக் கொடுக்கும் விலை இதுதான்: நல்ல செய்தி சீக்கிரம் பரவும், கெட்ட செய்தி மெதுவாகப் பரவும்.

கெட்ட செய்தி மெதுவாகப் பரவினால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதானது தெரியாமல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதன்மேல் ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தண்டவாளம், இன்ஜின், டிரைவர் எல்லாம் இருந்தும், ‘பாலம் சரியில்லை’ என்ற ஒரு சேதி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது முறை, எல்லோர் கையிலும் முழு வரைபடம். ஒவ்வொரு ரவுட்டரும் தன் அக்கம்பக்கத்து இணைப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை ‘ஹலோ’ சொல்லிப் பார்க்கும். பதில் வராவிட்டால் ‘இந்த இணைப்பு செத்துவிட்டது’ என்று ஊர் முழுக்கத் தண்டோரா போடும். எல்லோரும் தங்கள் வரைபடத்தில் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, குறுக்கு வழியைப் புதிதாகக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கை டெய்க்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேனா பேப்பர் இல்லாமல், இருபது நிமிடத்தில் மனத்திலேயே போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அச்சில் வந்தது 1959இல். இன்று ஓஎஸ்பிஎஃப் என்ற பெயரில் பெரிய நிறுவனங்களின் உள்வலைகளில் ஓடுவது அந்தக் கணக்குதான்.

இதில் கெட்ட செய்தி விநாடிகளில் பரவும். ஆனால் சும்மா வராது. ஒவ்வொரு பெட்டிக்கும் நினைவகம் வேண்டும், கணக்குப் போடும் திறன் வேண்டும். காற்றில் ஆடும் ஒரு கம்பி நிமிடத்துக்கு நான்கு முறை அறுந்து ஒட்டினால், நான்கு முறையும் ஊர் முழுக்கத் தண்டோரா, ஊர் முழுக்க மறுகணக்கு. வலை பெரிதானால் பேட்டை பேட்டையாகப் பிரித்துத்தான் ஆளவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வழியைத் தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதா, நெரிசலை வைத்தா? நெரிசலை வைத்து என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனித் திருமஞ்சனத்தன்று ‘உள்ளே கூட்டம், பைபாஸில் போங்க’ என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனில் சொல்லிப் பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் பைபாஸ் அடைத்துக்கொள்ளும், உள்ளே வெறிச்சோடும். உடனே எல்லோரும் திரும்புவார்கள். ஆர்பாநெட்டில் 1980களில் இதேதான் நடந்தது. தாமதத்தை அளந்து வழி மாற்றும் முறையில் போக்குவரத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊசலாடியது. 1987இல் அளவீட்டை மந்தப்படுத்தித்தான் அடக்கினார்கள். உடனுக்குடன் எதிர்வினை காட்டுவது எப்போதும் புத்திசாலித்தனம் அல்ல என்பது வாத்தியார்களுக்கும் பொருந்தும் பாடம்.

இதுவரை சொன்னது ஒரு நிறுவனத்தின் வேலிக்குள் நடப்பது. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவே வேறு சட்டம். அங்கே இருப்பது பிஜிபி என்ற முறை. 1989இல் இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் கைதுடைக்கும் தாளில் கிறுக்கி வைத்தது. அதுதான் இன்றுவரை உலக இணையத்தைக் கட்டி வைத்திருக்கிறது. இதில் ஒவ்வொரு வலையும் ‘இன்ன முகவரிக்கு என் வழியாக, இன்னின்ன வலைகளைத் தாண்டிப் போகலாம்’ என்று அறிவிக்கும். கேட்பவர் குறுகிய வழியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முதலில் பார்ப்பது கொள்கை: யாரிடம் எனக்குக் காசு வரும், யாருக்கு நான் காசு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தூரம்.

இங்கேதான் நம் ஊர்க் கதை வருகிறது. கடலூரில் இருக்கும் நான் ஒரு கம்பெனி இணைப்பு, சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கை வேறு கம்பெனி. நடுவில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் நான் அனுப்பும் பொட்டலம் வெள்ளாற்றைத் தாண்டி நேரே தெற்கே போகாது. இரண்டு கம்பெனிகளும் கைகுலுக்கும் இடம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். அது பெரும்பாலும் சென்னை, சில நேரம் மும்பை. மஞ்சக்குப்பத்திலிருந்து மேல வீதிக்குப் போக, கோயம்பேடு போய்த் திரும்புகிற பயணம்.

உள்ளூர்ப் போக்குவரத்து வெளிநாடு போய்த் திரும்பக்கூடாது என்பதற்காகத்தான் 2003இல் நிக்ஸி என்ற தேசிய இணையச் சந்திப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். ஆரம்பச் சந்திப்பு மையங்களில் சென்னையும் ஒன்று. அது நல்ல காரியம். ஆனால் சிங்கப்பூர் போய்த் திரும்பியது சென்னை போய்த் திரும்புவதாகக் குறைந்ததே தவிர, நம் மாவட்டத்துக்குள் நிற்கவில்லை.

‘அதனால் என்ன சார் நஷ்டம்? கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறதே’ என்று என் மாணவர்களில் யாராவது கேட்பீர்கள். சரியான கேள்வி. சென்னை போய்ச் சிதம்பரம் வர 400 சொச்சம் கிலோமீட்டர் என்றால், ஒளிக்கு இரண்டு மில்லிவிநாடிதான். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான். ஆகவே தூரத்தால் வேகம் போகிறது என்று நான் வாதிடவில்லை.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நானும் என் தங்கையும் பேச, சென்னை நன்றாக இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டியது, அங்கே இணையச் சேவையும் அடி வாங்கியது. அங்கே மழை பெய்தால் இங்கே இரண்டு பக்கத்து ஊர்கள் ஒன்றோடொன்று பேச முடியாது என்ற ஏற்பாட்டை நாம் ஏன் ஏற்கவேண்டும்? கடலூர் அரசு மருத்துவமனையும் சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவமனையும் ஒரு நோயாளியின் ஸ்கேன் படத்தைப் பரிமாறிக்கொள்ள வேண்டிய அவசரம், பெரும்பாலும் புயல் நாளில்தான் வரும்.

புயல் நமக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் ஒடிந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2015 நவம்பரில் பெரும் வெள்ளம். 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல் என்று புதுச்சேரிப் பக்கம் கரையேறியவை எல்லாம் நம் கதவையும் தட்டிவிட்டுத்தான் போயின.

இப்போது வேறொரு படத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்புக் கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் எடுத்துச் செய்கிறது. இழையின் பெரும்பகுதி மின்கம்பங்கள் மேலே போகிறது. ஏன்? மண்ணுக்குள் புதைத்தால் செலவு அதிகம், காலம் அதிகம். கம்பத்தில் கட்டினால் சீக்கிரம் முடியும், பழுதானால் கண்ணுக்குத் தெரியும், ஜேசிபி வெட்டாது. இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் தானே புயலில் முதலில் விழுந்தது எது? கம்பம். மின்சாரமும் இணையமும் ஒரே கம்பத்தில் தொங்கினால், இரண்டும் ஒரே நிமிடத்தில் போகும். உள்மாவட்டத்துக்குச் சரியாக வரும் கணக்கு கடற்கரைக்கு அப்படியே வராது.

மத்திய அரசும் ஒரு பாடம் படித்திருக்கிறது. 2011இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு நேர்க்கோடாக இழை போட்டார்கள். கோட்டில் ஓரிடம் அறுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்த திருத்திய திட்டத்தில் வளையமாகப் போடவேண்டும் என்று மாற்றினார்கள். வளையம் என்றால் சிதம்பரத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். நான்கு தேர் வீதிகள். கீழ வீதியில் தேர் நின்றுவிட்டால், மேல வீதி வழியாகச் சுற்றிப் போய்விடுகிறோம். கொஞ்சம் நடை கூடும், காரியம் கெடாது.

ஆனால் வளையம் என்று காகிதத்தில் வரைந்தால் போதாது. இதுதான் இந்தப் பதிவில் நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்பும் இடம்.

கடலூர், பி.முட்லூர், சிதம்பரம், சேத்தியாத்தோப்பு, வடலூர், குறிஞ்சிப்பாடி, மறுபடி கடலூர். வரைபடத்தில் அழகான வளையம். இப்போது நதியை வரையுங்கள். பி.முட்லூருக்கும் சி.முட்லூருக்கும் நடுவே வெள்ளாறு. சேத்தியாத்தோப்பிலும் வெள்ளாறு. வளையத்தின் இரண்டு கைகளும் ஒரே ஆற்றைத்தான் தாண்டுகின்றன. ஆற்றில் வெள்ளம் வந்தால் ஒரு பாலத்துக்கு மட்டும் வராது. சிதம்பரமும் காட்டுமன்னார்கோவிலும் வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே கடல் என்று மூன்று பக்கமும் தண்ணீரால் சூழப்பட்ட நிலம். பெரிய ஆறு எதையும் தாண்டாமல் வெளியே போகும் திசை ஒன்றே ஒன்று: மேற்கு. காட்டுமன்னார்கோவில், மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் என்று அரியலூர் பக்கம். சென்னைக்கு அது சுற்றுவழிதான். விழுப்புரம் போகவேண்டியவன் அரியலூர் போகிறான் என்று சிரிக்கலாம். ஆனால் ஒரு கை அந்தப் பக்கம் நீட்டியிருந்தால், வெள்ளாறு பொங்கும் இரவில் சிதம்பரம் துண்டிக்கப்படாது.

ரயில்வேக்காரர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். திருச்சிக்குப் பழைய வழி, விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று போகும் மெயின் லைன். பிறகு 1920களில் விருத்தாசலம் வழியாகக் கார்டு லைன் போட்டார்கள். குறுக்கு வழி கார்டு லைன். ஊர்களையும் மக்களையும் தொட்டுக்கொண்டு போவது மெயின் லைன். ஒன்றில் தண்டவாளம் அரித்தால் இன்னொன்றில் திருப்பிவிடுகிறார்கள். எந்த வழி சிறந்தது என்ற கேள்விக்கு ரயில்வேயின் பதில்: இரண்டும் வேண்டும், இரண்டும் வேறு வேறு மண்ணில் ஓட வேண்டும்.

அடுத்தது கொள்ளளவு. வளையத்தின் இரண்டு கைகளிலும் தலா 100 பங்கு இடம் இருக்கிறது. இரண்டிலும் 60 பங்கு ஓடுகிறது. ‘பாருங்கள், இன்னும் 40 சதவீதம் காலி’ என்று அறிக்கை எழுதலாம். ஒரு கை அறுந்ததும் 120 பங்கும் ஒரே கையில் வந்து விழும். 100 தான் இடம். இரண்டு வழி என்றால் ஒவ்வொன்றையும் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. மூன்று வழி இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பலாம். வழி கூடக்கூட வீணாக வைக்கும் இடம் குறையும். எட்டாம் வகுப்புக் கணக்கு என்று சொன்னேனே, இதுதான்.

‘பாதி காலியாக வைக்க யார் சார் காசு கொடுப்பது?’ இது நியாயமான எதிர்க்கேள்வி. தனியார் கம்பெனிக்கு அது கட்டுப்படியாகாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களுக்கு இடையிலான வலையை மையக் கட்டுப்பாட்டில் வைத்து, பல இணைப்புகளை ஏறத்தாழ முழுக் கொள்ளளவுக்கு ஓட்டுவதாக 2013இல் எழுதியது. வேண்டாத வேலையைத் தள்ளிவைத்து வேண்டியதை முன்னே விட, இரு முனையும் அவர்கள் கையில் இருப்பதால் முடிகிறது. நம்மைப் போன்ற பொது வலையில் எது ‘வேண்டாதது’ என்று யார் சொல்வது?

மையக் கட்டுப்பாடு என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரே மூளை எல்லாவற்றையும் பார்த்து வழி சொன்னால் திறமை கூடும், உண்மை. அந்த மூளை தவறினால்? 2021 அக்டோபர் 4 இரவு நினைவிருக்கும். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரத்துக்கு மேல் படுத்தன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை அவர்களின் உள்வலையைத் துண்டித்தது. உடனே ‘எங்களிடம் வர இதுதான் வழி’ என்ற பிஜிபி அறிவிப்புகளும் தாமாகவே விலகிக்கொண்டன. சர்வர்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. வழி மட்டும் உலக வரைபடத்திலிருந்து அழிந்தது.

கூடிப் பேசி வழி காணும் முறையிலும் ஆபத்து உண்டு. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போய், ‘யூடியூபுக்கு வழி என்னிடம்’ என்ற அறிவிப்பு வெளியே கசிந்தது. உலகின் பல வலைகள் அதை நம்பின. இரண்டு மணி நேரம் யூடியூப் பொட்டலங்கள் அங்கே போய்க் குழியில் விழுந்தன. மையத்தை நம்பினால் மையம் தவறும்போது எல்லாம் போகும். அண்டை வீட்டாரை நம்பினால் அண்டை வீட்டாரின் தவறு நம் வீட்டுக்கும் வரும். குறையே இல்லாத முறை கிடையாது. எந்தக் குறையோடு நம்மால் வாழ முடியும் என்பதுதான் கேள்வி.

நம் கடற்கரைக்கு என் பதில் இது. இதை ஏற்கலாம், மறுக்கலாம்.

ஒன்று. அரசுப் பணத்தில் போடும் எந்த வளையத்திலும் இரண்டு கைகள் ஒரே சாலையில், ஒரே பாலத்தில், ஒரே வரிசைக் கம்பத்தில் போகக்கூடாது. இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு இணைப்பு வாங்கிவிட்டோம் என்று அலுவலகங்கள் நிம்மதியாக இருக்கின்றன. இரண்டும் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால் ஒரு ஜேசிபி போதும். டெண்டர் விதியிலேயே ‘எந்த ஆற்றை எங்கே தாண்டுகிறது’ என்று எழுதிக் கேட்க வேண்டும்.

இரண்டு. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் வரையாவது, குறைந்தபட்சம் வளையத்தின் ஒரு கையை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். எல்லா இடத்திலும் புதைக்கச் சொல்லவில்லை. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கரையோரத்துக்கு மட்டும்.

மூன்று. கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு சிறு இணையச் சந்திப்பு மையம் வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 முதல் இங்கே இருக்கிறது, இப்போது அரசுடையது. இடமும் ஆளும் அங்கே கிடைக்கும். நம் போக்குவரத்தில் பெரும்பங்கு சினிமாவும் வீடியோவும்தான், அவை சென்னையிலிருந்துதான் வரும், ஆகவே சந்திப்பு மையத்தில் ஓடுவது சொற்பமாக இருக்கும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். லாபத்துக்காக இதைக் கேட்கவில்லை. மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், மீன்துறை, தீயணைப்பு, மின்வாரியம் ஆகியவை வெளியுலகம் அறுந்தாலும் தங்களுக்குள் பேசிக்கொள்ள அது போதும்.

நான்கு. ஒரு கை அறுந்த நேரத்தில் எது முதலில் போகவேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆம்புலன்ஸ், புயல் எச்சரிக்கை, மருத்துவமனை முதலில். பிறகு ரேஷன், வங்கி. அதற்கப்புறம் கிரிக்கெட். காசு கொடுத்தவருக்கு முன்வரிசை என்பதை நம் நாடு 2018இல் ஏற்ற இணைய நடுநிலைக் கொள்கை தடுக்கிறது, அது சரி. உயிர் காக்கும் சேவைக்கு முன்வரிசை கொடுப்பது அதற்கு விரோதமாகாது.

ஐந்து. மின்சாரம். வழி எத்தனை இருந்தாலும் ரவுட்டருக்குக் கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை மணி நேரத்துக்கு பேட்டரி, எத்தனை நாளுக்கு டீசல் என்று பலகையில் எழுதி வைக்கட்டும்.

இதற்கெல்லாம் கூடுதல் பணம் ஆகும். மறைக்கவில்லை. வேகம் கொஞ்சம் குறையலாம், சுற்றுவழியில் போகும் பொட்டலம் சில மில்லிவிநாடி தாமதமாக வரலாம், பாதி இழை ஆண்டு முழுக்க இருட்டாகவே கிடக்கலாம். சுனாமிக்குப் பிறகு நம் கரையோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினோம். வருஷத்தில் 360 நாள் அவை காலியாகத்தான் கிடக்கின்றன. யாராவது வீண் செலவு என்று சொல்லியிருக்கிறோமா? அந்த மீதி ஐந்து நாள் எதற்கு என்று நம் மக்களுக்குத் தெரியும்.

இணையம் ஒரு காலத்தில் வசதி. இன்று கைரேகை விழாவிட்டால் அரிசி இல்லை, ஓடிபி வராவிட்டால் பணம் இல்லை. அரிசியையும் பணத்தையும் ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பிறகு, ‘அந்தக் கம்பி அறுந்தால் அடுத்த வழி எது?’ என்று கேட்கும் உரிமை வரிசையில் நிற்கும் பாட்டிக்கு உண்டு.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நம் ஊராட்சிக்கு வரும் இழை எத்தனை வழியாக வருகிறது? எந்த ஆற்றை எங்கே தாண்டுகிறது?’ பதில் கிடைத்தால் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஊர் ஊராகச் சேர்த்து ஒரு வரைபடம் போடுவோம். நெட்வொர்க் துறையில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், என் கணக்கைத் திருத்தவேண்டிய இடம் இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இத்தனை வருஷம் உங்கள் தாளை நான் திருத்தினேன், இப்போது உங்கள் முறை.

பகிர விரும்புவோர் பகிரலாம்.